மலையில்லாத ஊரில் இரண்டு மலைகள்

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஆகவே இங்கே நான் வாசிக்கப்போகிற குற்றப் பத்திரிகையில் என் பெயரும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இயற்கைக் காட்சி ஒன்று வரைக' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும். அரியாங்குப்பத்துப் பையன் ஸ்கேலை எடுத்து இரண்டு முக்கோணம் போடுவான். அவற்றின் நடுவில் அரைவட்டச் சூரியன், எண்ணி ஏழு கதிர்கள். மலையடியிலிருந்து ஒரு ஆறு அகன்றுகொண்டே வந்து தாளின் அடியில் முடியும். இந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு, அந்தப் பக்கம் ஒரு தென்னை, மேலே நாலு பறவை. இந்தப் பையன் அன்று காலை ஆற்று முகத்துவாரத்தில் நண்டு பிடித்துவிட்டு வந்தவன். அவன் அப்பா வீராம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். மலை என்று ஒன்றை அவன் கண்ணால் கண்டதில்லை. பெயர் சொல்லும்படியான மலை வேண்டுமென்றால் செஞ்சிக்குப் போக வேண்டும், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நானும் பத்துக்கு எட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது வேறு ஒரு சங்கதி. சென்ற மழைக்காலத்தில் புதுச்சேரியில் ஒரு சிறு ஓவியக் காட்சி. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஓர் இளைஞர் அரியாங்குப்பம் ஆற்றை நீர்வண்ணத்தில் வரைந்து மாட்டியிருந்தார். பன்னிரண்டு படங்கள். எல்லாம் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றிலும் தண்ணீரை ஒரே நீலமாகப் பூசியிருந்தார். அந்த ஆறு வருஷத்தில் பத்து நாள்கூட நீலமாக இருப்பதில்லை. ஆனால் ஒரு படத்தில், நீர் இறங்கின நேரத்தில் வெளியே தெரிகிற சேறும் அதில் சாய்ந்து கிடக்கிற படகும் இருந்தன. அந்தச் சேற்றின் பழுப்பு சரியான பழுப்பு. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். திறந்துவைக்க வந்த விமர்சகர் நிற்கவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் பேசினார். நிலக்காட்சி ஓவியம் என்பதே கம்பெனிக் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்றார். தமிழ் மனம் நிலத்தை எதிரே நிறுத்திப் பார்ப்பதில்லை, அதைத் திணையாக உள்ளே வாழ்கிறது என்றார். ஆகவே இம்மாதிரிப் படங்கள் சுற்றுலா வருகிறவன் வாங்கிப் போகிற ஞாபகப் பொருளுக்கு மேல் போகா என்று முடித்தார். கைதட்டல். வரைந்தவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டீ குடிக்கும்போது நான் மறுத்துப் பேசியதற்கு, 'நீங்க டிராயிங் மாஸ்டர் சார், அப்படித்தான் பேசுவீங்க' என்று என் தோளைத் தட்டினார். ஆமாம், அப்படித்தான் பேசுவேன். எழுதவும் எழுதுவேன்.

திணையை வைத்துக்கொண்டு தமிழில் நடக்கிற பம்மாத்துக்கு அளவே இல்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்கிறது. கருவும் உரியும் அதற்கப்புறம். நம்மவர்களோ உரிப்பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தை வெறும் தலைப்பாக ஆக்கிவிட்டார்கள். மேலே 'நெய்தல்' என்று எழுதிவிட்டால் கீழே இரங்கல் தானாக ஊறிவிடும்; கரையில் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. எற்பாடு என்பது பொழுது சாய்கிற நேரமா, விடிகிற நேரமா என்று பண்டிதர்கள் வாதாடியிருக்கிறார்கள். யாராவது கரையில் போய் நின்று பார்த்து ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

நான் நின்றிருக்கிறேன். வீராம்பட்டினம் கரையில் பொழுது கடலில் சாய்வதில்லை. முதுகுக்குப் பின்னால், தென்னந்தோப்புக்கு அப்பால் சாய்கிறது. நிற்கிறவனுடைய நிழல் நீண்டுகொண்டே போய்த் தண்ணீரில் விழும். எதிரே அடிவானத்தில் சாம்பலும் நீலமுமாக ஒரு பட்டை எழும்பும். அதன் தலைமாட்டில் கொஞ்ச நேரம் ஒரு இளஞ்சிவப்பு. வெளிச்சம் பின்னால் வடிந்துகொண்டிருக்கும்போது, கடலுக்குப் போனவன் வரவேண்டிய திசை முன்னால் இருண்டுகொண்டிருக்கும். நெய்தலின் இரங்கலுக்கு வேர் இந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாக நினைப்பதற்குக்கூட அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. நம் காலண்டர்களில், நாடகப் படுதாக்களில், புத்தக அட்டைகளில் சூரியன் தவறாமல் கடலுக்குள் இறங்குகிறது. கிழக்குக் கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கவிஞர் மாலைச் சூரியனை வங்காள விரிகுடாவில் மூழ்கடித்து எழுதியிருப்பதை நானே வாசித்திருக்கிறேன். இதுதான் திணையை உள்ளே வாழ்கிற லட்சணம்.

சரி, கம்பெனிக் கப்பல் என்றாரே. அப்படிக் கப்பலில் வந்து இறங்கிய ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் ஊரிலிருந்து கரையோடு தெற்கே போனால் கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார் தாண்டித் தரங்கம்பாடி. 1620 முதல் 1845ல் இங்கிலீஷ்காரனுக்கு விற்கப்படும் வரை டேனிஷ்காரர்களின் ஊர். 1777 வரை கம்பெனி நிர்வாகம், அதன் பிறகு ராஜாவின் நேர் நிர்வாகம். அந்த ராஜாவின் கவர்னராக 1788ல் அங்கே பொறுப்பேற்றவர் பீட்டர் ஆங்கர். டேனிஷ்காரர் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவது வழக்கம். அவர் பிறந்தது 1744ல் நார்வேயில், இன்று ஹால்டன் என்று பெயர் மாறியிருக்கிற ஃப்ரெட்ரிக்ஸ்ஹால்டில். நார்வே அப்போது டென்மார்க் ராஜாவுக்குக் கட்டுப்பட்ட நாடு. மர வியாபாரத்தில் கொழித்த குடும்பம். தம்பி கார்ஸ்டன் ஆங்கர் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தவர்; 1814ல் நார்வே தன் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டது எய்ட்ஸ்வோலில் இருந்த அவருடைய மாளிகையில்தான். பீட்டர் இங்கிலாந்தில் டென்மார்க்கின் கான்சலாக இருந்துவிட்டு, பிறகு தரங்கம்பாடிக்கு வந்து ஏறக்குறைய 18 வருஷம் கவர்னராக இருந்தார். வரைந்தார். தரங்கம்பாடியையும் சுற்றுவட்டாரத்துக் காட்சிகளையும் கோயில்களையும் நீர்வண்ணத்தில் பதிந்துவைத்தார். அந்தத் தாள்கள் இன்று ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கலாச்சார வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் பார்த்திருப்பது அச்சுப் பிரதிகள் சிலவற்றை மட்டும்.

ஆங்கர் மகா கலைஞர் அல்ல. அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் குதிரையேற்றம் கற்றுக்கொண்ட மாதிரி வரையவும் கற்றுக்கொண்டவர்கள். கவர்னர் என்றால் கோட்டை, சுங்கம், பாக்கி வசூல்; அந்தக் கண்தான் படத்தையும் பார்த்தது. இதில் எனக்கு மயக்கம் ஒன்றும் கிடையாது. அவருக்குச் சிலை வைக்கச் சொல்லி நான் கிளம்பவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்லலாம். ஒரு கோபுரத்தை எதிரில் உட்கார்ந்து வரைகிறவன் அதன் நிலைகளை எண்ணியாக வேண்டும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தீர்மானித்தாக வேண்டும். அடிவானத்தைத் தாளில் எந்த உயரத்தில் வைப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவன் கவர்னராக இருந்து பயனில்லை. அதிகாரத்தால் ஒரு நிழலைக்கூட நகர்த்திவிட முடியாது.

தரங்கம்பாடியில் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306ல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதில் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இருநூறு வருஷத்துக்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஒரு தமிழனுக்குத் தெரிய வேண்டுமானால், ஆங்கரைப் போன்றவர்கள் விட்டுப்போன தாள்களைத் தேடிக்கொண்டு ஆஸ்லோவுக்கும் கோபன்ஹேகனுக்கும்தான் போக வேண்டும். அவர் தரங்கம்பாடியில் இருந்த அதே காலத்தில் தஞ்சாவூரில் கைதேர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள். சாமி படம் போட்டார்கள், ராஜா படம் போட்டார்கள், வெள்ளைக்காரர்களின் ஆல்பத்துக்காக ஜாதிவாரியாகப் புருஷன் பெண்சாதி ஜோடிகளைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கைகளின் நயத்துக்கு முன்னால் ஆங்கரின் கை ஒன்றுமே இல்லை. கை இருந்தது. கடற்கரையை வரை என்று அந்தக் கையிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. விமர்சகரின் பேச்சுப்படி இது தமிழ் மனத்தின் தனிச்சிறப்பு. எனக்கு இது நஷ்டம்.

'ஐரோப்பியனுக்கு அது ரத்தத்தில் ஊறியது, நமக்கு அப்படி இல்லை' என்று அடுத்த வாதம் வரும் என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை. ஆங்கர் தரங்கம்பாடிக்கு வந்த அதே 1788ல், பிப்ரவரி 24ஆம் தேதி, நார்வேயின் பெர்கனில் ஒரு மீனவர் வீட்டில் யோஹான் கிறிஸ்தியன் டால் பிறந்தார். எங்கள் வீராம்பட்டினத்துப் பையனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் அலங்காரம் பூசுகிற ஒருவரிடம் வேலைக்கு விடப்பட்டவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் பணம் சேர்த்துக் கொடுத்து 1811ல் கோபன்ஹேகன் கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1818ல் ஜெர்மனியில் ட்ரெஸ்டனுக்குப் போனவர், 1857ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷும் அவரும் 1823லிருந்து ஒரே வீட்டில் மேல்மாடி கீழ்மாடியாகக் குடியிருந்தார்கள். ஃப்ரீட்ரிஷ் நிலத்தில் கடவுளைத் தேடினவர். டால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தவர். நட்புக்கு அது இடைஞ்சலாக இல்லை. நம் எழுத்தாளர்களை ஒரே தெருவில் குடிவைத்தால்கூட என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு இடம். கோபன்ஹேகனில் டால் கற்றது டச்சுக்காரர்களிடம், அதாவது அவர்களுடைய படங்களிடம். எவர்டிங்கன், ரூய்ஸ்டால். எவர்டிங்கன் 1644ல் நார்வேப் பக்கம் போய் அருவிகளையும் ஊசியிலை மரங்களையும் கண்டு வரைந்தவர். அவருக்குப் பின்வந்த ரூய்ஸ்டால் அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. எவர்டிங்கனைப் பார்த்துக்கொண்டே வடநாட்டு அருவிகளை டஜன் கணக்கில் போட்டுத்தள்ளினார். அவற்றைப் பார்த்துக்கொண்டு டால் நார்வேயை வரையத் தொடங்கினார். நார்வேயில் பிறந்தவன், நார்வேயைப் பார்த்திராத டச்சுக்காரனிடமிருந்து நார்வேயை இரவல் வாங்குகிறான். இதற்கும் என் வகுப்புப் பையனின் இரண்டு முக்கோணங்களுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் 1826ல் வருகிறது. அந்த வருஷம் டால் ஊருக்குத் திரும்பினார். பெயர் பெற்ற ஓவியர், ட்ரெஸ்டன் கழகத்தில் பேராசிரியர் பட்டம், வெசூவியஸ் எரிமலை கக்கியதை நேரில் கண்டு வரைந்தவர் என்ற கீர்த்தி எல்லாம் இருந்தது. ஸ்கெட்ச் நோட்டை எடுத்துக்கொண்டு, பெர்கனில் சின்னவனாக இருந்தபோது பார்த்திராத உள்நாட்டு மலைகளுக்குள் நடந்தார். 1834, 1839, 1844, 1850 என்று இன்னும் நாலு தடவை வந்தார். அந்த முதல் பயணத்துக்கு அடுத்த வருஷம் போட்ட சோங்னே ஃபியோர்டின் பனிக்காலப் படத்தில் அருவி கிடையாது, அலங்காரம் கிடையாது. பனி, செங்குத்தாக நிற்கிற ஒரு நடுகல், உறைந்த வெளிச்சம். இரவல் தீர்ந்துவிட்டது என்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரிகிறது. 1842ல் வரைந்த ஸ்டால்ஹைம் காட்சியை நார்வேக்காரர்கள் தேசியச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். வானவில்லும் பள்ளத்தாக்குமாக எனக்கு அது கொஞ்சம் ஜோடனை கூடிப்போன படம். அவருடைய மேகப் பயிற்சிகளும், 1849ல் வரைந்த, பாறை விளிம்பில் காற்றில் வளைந்து நிற்கிற பிர்ச் மரமும் போதும்.

பார்த்தவன் சும்மா இருக்க மாட்டான் என்பதற்கும் டாலே சாட்சி. அந்தப் பயணங்களில் வழியெல்லாம் பழைய மரக் கோயில்களை, தேவாலயங்களை, உள்ளூரார் இடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். 1837ல் அவற்றைப் பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டார். வாங் என்ற ஊரின் தேவாலயம் இடிபட இருந்தபோது அதை வாங்கச் செய்து பிரஷ்ய ராஜாவின் கையில் சேர்த்தார். அது பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டு இன்று போலந்தில் இருக்கிற மலையூர் ஒன்றில் மறுபடி நிறுத்தப்பட்டது. சொந்த மண்ணில் நிற்கவைக்க முடியாதது தோல்விதான். 1844ல் நார்வேயில் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதற்கும் தேசிய ஓவியக்கூடம் உருவானதற்கும் முன்கை எடுத்தவர்களில் அவர் ஒருவர். சர்க்கார் கமிட்டி அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொரு தூணாக வரைந்திருந்த கை அது.

நம் பக்கம் திரும்புகிறேன். கே.சி.எஸ். பணிக்கர் தம் ஆரம்ப வருஷங்களில் நீர்வண்ணத்தில் தண்ணீரையும் தென்னையையும் வெளிச்சத்தையும் விடாமல் வரைந்தவர். 1963ல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வந்தார். 1966ல் ஈஞ்சம்பாக்கம் கரையில் சோழமண்டலம். நம் விமர்சனம் கடைசி இரண்டையும் பேசும்; முதலாவதை ஏதோ பால்ய விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். குறியீட்டுக்குப் போன பணிக்கர் கண்ணின் வழியாகத்தான் போனார். அவரைப் பார்த்துக் குறியீட்டுக்குப் போனவர்களில் பலர் கண்ணைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடலோரத்திலேயே குடியேறிய ஓவியர்களின் படங்களில் அந்தக் கடலோரத்தை நான் தேடியிருக்கிறேன். அதிகம் அகப்படவில்லை.

அரியாங்குப்பத்தில் என்ன இருக்கிறது வரைய என்று கேட்பார்கள். லெ ஜான்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1769ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்றைக்கென்று மேகம் மூடிக்கொண்டது. வானத்தைப் பார்க்க வந்த மனுஷர் வீராம்பட்டினத்துப் பக்கத்து இடிபாடுகளைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த இடம் அரிக்கமேடு என்று உலகத்துக்குத் தெரிய 1937ல் ழுவோ துப்ராயும் 1945ல் வீலரும் வர வேண்டியிருந்தது. ஆற்றோரத்தில் 18ஆம் நூற்றாண்டுக் குருமடத்தின் செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மாலையில் அந்தச் செங்கலின் நிறத்தை வண்ணத்தட்டில் கொண்டுவந்து காட்டுகிறவனுக்கு நான் என் பென்ஷனில் பாதி தருவேன். எங்கள் ஊரில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. பலகையும் தாளுமாக ஆற்றோரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்துமிருக்கிறேன். என் சண்டை அவர்களோடு அல்ல. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'இதெல்லாம் பழைய பாணி' என்று சொல்கிறவர்களோடு.

இதற்கிடையில் நிலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக எங்கள் ஆற்று வாயில் இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரிக் கடற்கரை மணலே இல்லாமல் பாறாங்கல் சுவராயிற்று, இன்னும் வடக்கே மீனவர் குப்பங்களின் வீடுகள் போயின. 2018, 2019 வாக்கில் செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் வைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். கரை எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும், நான் மறுக்கவில்லை. போனில் லட்சம் போட்டோ இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது. இந்த முப்பத்தைந்து வருஷத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து, இந்தக் கரை மாறினதைப் பருவத்துக்கு ஒன்றாக வரைந்துவைத்த ஒரு தமிழ் ஓவியன் உண்டா? இருந்தால் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். எதிரிலேயே குடியிருந்த நான் அதைச் செய்யவில்லை.

ரிட்டயராவதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் எனக்குப் புத்தி வந்தது. எட்டாம் வகுப்பைப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். முதல் நாள் பாதிப் பேர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே மலை போட்டார்கள். நாலாவது வாரம் ஒரு பெண் கொண்டுவந்து காட்டிய தாளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. குறுக்காகச் சேறு, தண்ணீர், மறுபடி சேறு. தூரத்தில் கறுப்பாகக் கல்வரிசை. முன்னால் ஒரு திட்டு, அதன் விளிம்பில் மூன்று குச்சிகள். சூரியன் கிடையாது. ஒரு போட்டிக்கு அதை அனுப்பினேன். 'முழுமை பெறவில்லை. மலை, மரங்கள் சேர்த்தால் நன்று' என்று சிவப்பு மையில் குறிப்போடு திரும்பி வந்தது. டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவள் வரைந்த அந்தத் திட்டு இப்போது இல்லை. அந்தக் குச்சிகள் எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. வலை உலர்த்த நட்டது என்று ரொம்ப நாள் கழித்து அவள் அப்பா சொன்னார்.

காட்சி முடிந்து படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்த இளைஞரிடம், 'நீலத்தை வீட்டிலேயே வெச்சிட்டு வாங்க தம்பி' என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, பாலத்தின் தெற்குப் பக்கம். விமர்சகருக்கும் ஒரு கார்டு போட்டேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் வரை பதில் இல்லை.